மாங்காயைப் பழுக்கச் சொல்வது யார்?

மாம்பழ சீசன் ஆரம்பித்தால் போதும், நம் எல்லோர் வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு தகவல் வந்துவிடும். "ஹார்மோன் போட்டுப் பழுக்க வைத்த மாம்பழம்! குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்! அதிகம் பகிருங்கள்!" பெரியப்பா அனுப்புவார், அத்தை அதை இன்னொரு குழுவுக்கு அனுப்புவார். இன்னொரு பக்கம், ரசாயனக் கல் வைத்துப் பழுக்க வைத்த பழங்களை உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பறிமுதல் செய்த செய்தி வரும். இரண்டும் ஒன்றாகக் கலந்து, கடைசியில் மனசில் நிற்பது ஒன்றுதான்: ஹார்மோன் என்றால் விஷம்.

இப்போது உங்கள் பாட்டியை நினைத்துப் பாருங்கள். மரத்திலிருந்து பறித்த மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். இல்லையென்றால் வைக்கோல் பரப்பி, அதற்குள் அடுக்கி மூடி வைப்பார். நாலைந்து நாளில் வீடே மணக்கும். உண்மையைச் சொல்லப் போனால், பாட்டியும் ஹார்மோன் வைத்துத்தான் பழுக்க வைத்தார். அது கடையில் வாங்கியது இல்லை, அந்த மாங்காயே தயாரித்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம்? இதைத் தெரிந்துகொள்ள, செடிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். பழம் வாங்குகிறவர்களுக்கும், மாடித் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கும், வயல் வைத்திருக்கிறவர்களுக்கும் இது பயன்படும்.

ஹார்மோன் என்றால் என்ன?

செடிக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. ஆனாலும் வேர் கீழே போகிறது, கிளை மேலே போகிறது, பூ உரிய காலத்தில் பூக்கிறது, காய் பழமாகிறது. ஒரு பகுதியில் நடப்பதை இன்னொரு பகுதிக்குத் தெரிவிக்க, செடி தனக்குள்ளேயே சில ரசாயனங்களை மிக மிகக் குறைந்த அளவில் தயாரிக்கிறது. இவைதான் தாவர ஹார்மோன்கள். செடிக்குள் ஓடும் குறுஞ்செய்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை உணவும் இல்லை, உரமும் இல்லை. "இப்போது வளர்", "இப்போது நிறுத்து", "இப்போது பழு" என்று சொல்லும் உத்தரவுகள்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஐந்து பெயர்கள் படித்திருப்போம்: ஆக்சின், ஜிப்ரல்லின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலின். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். ஆனால் இந்த ஐந்தும் நம் வீட்டு அடுப்படியிலும் மாடியிலும் தினமும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. மாம்பழத்திலிருந்தே தொடங்குவோம்.

எத்திலின்: பழுக்கச் சொல்லும் வாயு

ஐந்தில் எத்திலின் மட்டும் வாயு. முற்றிய மாங்காய் இந்த வாயுவைக் கொஞ்சமாக வெளியிடத் தொடங்கும். அந்த வாயு பட்டதும் காய் இன்னும் அதிகமாக வெளியிடும். அப்படியே வேகம் பிடித்து, மாவுச்சத்து சர்க்கரையாகும், புளிப்பு குறையும், பச்சை நிறம் மறையும், சதை இளகும், மணம் வரும். ஒரு பழம் பழுத்தால் பக்கத்துப் பழமும் பழுப்பதற்கு இதுதான் காரணம். அரிசிப் பானையும் வைக்கோலும் செய்வது என்னவென்றால், இந்த வாயு வெளியே பறந்துவிடாமல் பிடித்து வைப்பதுதான். வாழைத்தாரை அறைக்குள் அடுக்கிப் புகைமூட்டம் போட்டார்களே, அந்தப் புகையிலும் எத்திலின் இருக்கிறது.

இந்த வாயு செடிகளைப் பாதிக்கிறது என்பதை 1901-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நெல்யுபோவ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அவருடைய ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் கோணல்மாணலாக வளர்ந்தன. விளக்கு எரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலின்தான் காரணம் என்று தெரிந்தது. பழம் தானாகவே எத்திலினை வெளியிடுகிறது என்பதை 1934-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் ஆப்பிளில் நிரூபித்தார். நம் பாட்டிகளுக்குப் பெயர் தெரியாது, வேலை தெரிந்திருந்தது.

எல்லாப் பழமும் இப்படிப் பழுக்காது. மா, வாழை, பப்பாளி, கொய்யா, சப்போட்டா, சீத்தா, பலா, தக்காளி ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். திராட்சை, மாதுளை, ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி ஆகியவை பறித்த அன்று எப்படியோ, அதற்கு மேல் இனிக்காது. புளிக்கிற திராட்சையை அரிசிக்குள் வைத்து நாலு நாள் காத்திருப்பது வீண்.

அப்படியானால் கார்பைட் கல்?

இங்கேதான் குழப்பம். கால்சியம் கார்பைட் ஹார்மோனே இல்லை. வெல்டிங் வேலைக்கு வாயு தயாரிக்கப் பயன்படுகிற கல் அது. காற்றின் ஈரம் பட்டதும் அசிட்டிலின் என்ற வாயுவை வெளியிடும். அசிட்டிலினின் அமைப்பு எத்திலினைப் போலவே இருப்பதால் மாங்காய் ஏமாந்துபோகும். வேறு யாரோ வேஷம் போட்டு வந்து கதவைத் தட்டுவது மாதிரி.

ஆபத்து என்னவென்றால், தொழிற்சாலைக்காகத் தயாரிக்கப்படும் இந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பும் சிறிதளவு இருக்கும். அந்த நச்சு பழத்தின் மேல் படியலாம். தலைசுற்றல், அடிக்கடி தாகம், எரிச்சல், பலவீனம், விழுங்கச் சிரமம், வாந்தி போன்ற பாதிப்புகள் வரலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எச்சரிக்கிறது. கல்லைக் கையாளுகிற தொழிலாளிக்கும் ஆபத்து. அதனால்தான் கார்பைட் வாயுவால் பழுக்க வைத்த பழங்களை விற்பது 2011-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளின்படி முழுவதுமாகத் தடை செய்யப்பட்டுள்ளது. "கொஞ்சமாகத்தான் வைத்தோம்" என்ற சமாதானத்துக்கு இடமே இல்லை.

எத்திலின் வாயுவுக்கு அனுமதி உண்டு. காற்றில் 10 லட்சம் பங்குக்கு 100 பங்கு வரை, அதாவது 100 பிபிஎம் வரை பயன்படுத்தலாம். இதற்கென்று வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் பழுக்க வைக்கும் அறைகள் இருக்கின்றன. எத்திலினை வெளியிடும் எத்திபான் பொடியைச் சிறு பாக்கெட்டில் போட்டும் வைக்கலாம். ஆனால் அந்தப் பொடி பழத்தின் மேல் படக் கூடாது. எத்திபான் கரைசலில் பழத்தை முக்கி எடுப்பதற்கும் அனுமதி இல்லை.

ஆக, "செயற்கையாகப் பழுக்க வைத்தது" என்பதாலேயே ஒரு பழம் கெட்டதாகிவிடாது. எதை வைத்து, எவ்வளவு வைத்து, எப்படி வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

பக்கெட் தண்ணீர் சோதனை உண்மையா?

"மாம்பழத்தைத் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் நல்ல பழம், மிதந்தால் கார்பைட் பழம்" என்ற வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. நன்றாக முற்றிய மாங்காய் அடர்த்தி கூடித் தண்ணீரில் மூழ்கும். முற்றாத காய் மிதக்கும். அதாவது, இந்தச் சோதனை காய் முற்றியதா இல்லையா என்பதைத்தான் சொல்லும். கார்பைட் வைத்தார்களா என்பதைச் சொல்லாது. முற்றிய காய்க்குக் கார்பைட் வைத்திருந்தால் அதுவும் மூழ்கத்தான் செய்யும்.

வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்படச் சில அறிகுறிகள் உண்டு. மேல்தோல் ஒரே சீராக மஞ்சளாக இருந்து உள்ளே சதை வெள்ளையாக, புளிப்பாக இருப்பது. நிறம் இருந்தும் மணமே இல்லாமல் இருப்பது. தோலில் கருப்புத் திட்டுகள் இருப்பது. சீசன் தொடங்குவதற்கு முன்பே வரும் பழத்தில் கூடுதல் கவனம் தேவை. எந்தப் பழமானாலும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோலைச் சீவிச் சாப்பிடுங்கள்.

அதைவிட எளிய வழி: முற்றிய காயாக வாங்கி வீட்டிலேயே பழுக்க வையுங்கள். காம்பைச் சுற்றி இரண்டு பக்கமும் தோள் போல எழும்பி, காம்பு குழிக்குள் இருந்தால் காய் முற்றியிருக்கிறது என்று அர்த்தம். அரிசிப் பானை இல்லையென்றால் காகிதப் பையில் போட்டு, கூடவே ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்து மடித்து வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலின் போதும். "தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா" என்று சொல்வார்கள் இல்லையா? முற்றாத காய்க்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். எத்திலின் கொடுத்தாலும் நிறம் வரும், ருசி வராது.

இதே விஷயத்தைத் திருப்பியும் பயன்படுத்தலாம். கீரையையும் பழுத்த வாழைப்பழத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள். எத்திலின் பட்டால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். வெளியூர் போகும்போது தக்காளியில் பழுத்ததைத் தனியே எடுத்துவிடுங்கள், மற்றவை இரண்டு நாள் கூடுதலாகத் தாங்கும்.

ஆக்சின்: நுனியிலிருந்து வரும் உத்தரவு

மாடிக்குப் போவோம். ஜன்னல் ஓரம் வைத்த செடி வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்து வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் இதை ஆராய்ந்து 1880-இல் புத்தகமாக எழுதினார்கள். புல் நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது சாயவில்லை. ஆக, ஏதோ ஒரு சேதி நுனியிலிருந்து கீழே போகிறது என்று புரிந்தது. அந்தச் சேதிதான் ஆக்சின். வெளிச்சம் படாத பக்கம் ஆக்சின் அதிகம் சேரும், அந்தப் பக்கம் அதிகம் நீளும், தண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும். தொட்டியை வாரம் ஒருமுறை திருப்பி வைத்தால் செடி நேராக வளரும்.

நுனியில் உருவாகும் ஆக்சினுக்கு இன்னொரு வேலை உண்டு. கீழே இருக்கும் பக்க மொட்டுகளை "நீ சும்மா இரு" என்று அடக்கி வைக்கும். நுனியைக் கிள்ளிவிட்டால் அந்தத் தடை நீங்கும், பக்கக் கிளைகள் வெடிக்கும். கறிவேப்பிலையைக் கிள்ளக் கிள்ளத் தழைப்பது இதனால்தான். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 செடி முருங்கை சுமார் 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொல்வார்கள். கிள்ளாவிட்டால் கொடிக்கம்பம் மாதிரி ஒரே நெட்டாகப் போய், காய் பறிக்க ஏணி தேட வேண்டியிருக்கும். மல்லிகைக்குக் கவாத்து செய்வதும் இதே கணக்குத்தான்.

முருங்கைப் போத்து நட்டிருக்கிறீர்களா? செம்பருத்திக் குச்சி? ஆக்சின் எப்போதும் நுனியிலிருந்து அடியை நோக்கியே நகரும். வெட்டிய குச்சியின் அடியில் வந்து தேங்கும், அங்கே வேர் விடும். அதனால்தான் குச்சியைத் தலைகீழாக நட்டால் சரியாக வராது. நர்சரியில் விற்கும் வேர் ஊக்கிப் பொடியும் ஆக்சின் வகைதான்.

அளவு மீறினால் ஆக்சினே களைக்கொல்லி

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். வயலில் அகன்ற இலைக் களைகளை அழிக்கத் தெளிக்கிற 2,4-டி என்ற களைக்கொல்லி ஒரு செயற்கை ஆக்சின். வளரச் சொல்கிற அதே உத்தரவு அளவு மீறிப் போனதும், செடி தறிகெட்டு வளர்ந்து, முறுக்கிக்கொண்டு செத்துப்போகிறது. நெல், சோளம் போன்ற புல் வகைப் பயிர்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பருத்தி, தக்காளி, கத்தரி, மிளகாய் தாங்காது.

நெல் வயலில் 2,4-டி அடித்த தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்கு மருந்தடித்தால் இலைகள் விரல் விரலாகக் குறுகிச் சுருண்டுவிடும். காற்றடிக்கும் நேரத்தில் தெளித்தால் பக்கத்து வயல்காரர் பருத்தி பாதிக்கும், வரப்புச் சண்டை பெரிதாகும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

எனக்கும் இந்தப் பாடம் மாடியில் கிடைத்தது. மிளகாய்ச் செடியில் பூ கொட்டுகிறது என்று ஆக்சின் வகை மருந்து ஒன்று வாங்கினேன். லேபிளைப் படிக்காமல், ஒரு லிட்டர் தண்ணீருக்கு "ஒரு மூடி" என்று ஊற்றினேன். கொட்டாமல் இருந்த பூவும் கொட்டிப்போனது, இலையெல்லாம் சுருண்டது. பிறகுதான் லேபிளைப் படித்தேன். நான்கைந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி போட வேண்டிய மருந்து அது. தப்பு மருந்து மேல் இல்லை, என் மூடி மேல்.

ஜிப்ரல்லின்: பைத்தியக்கார நாற்றும் பசுமைப் புரட்சியும்

ஜப்பானிய உழவர்கள் நெல் வயலில் ஒரு விசித்திர நோயைப் பார்த்தார்கள். சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைத் தாண்டி நெடுநெடுவென்று வெளிறி வளரும். கடைசியில் கதிர் பிடிக்காமல் சாய்ந்துவிடும். "பக்கானே", அதாவது முட்டாள் நாற்று என்று பெயர் வைத்தார்கள். 1926-இல் குரோசாவா என்ற ஆய்வாளர், ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள்தான் இதைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். அந்தப் பொருளுக்கு 1935-இல் யாபுதா ஜிப்ரல்லின் என்று பெயரிட்டார். பிறகுதான் தெரிந்தது, செடிகளும் இதைத் தாங்களாகவே தயாரிக்கின்றன என்று. தண்டை நீட்டுவதும் விதையை முளைக்க வைப்பதும் இதன் வேலை.

கதை இதோடு முடியவில்லை. பழைய நெட்டை நெல் ரகங்களுக்கு உரம் அதிகம் போட்டால் உயரமாக வளர்ந்து சாய்ந்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர். 8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. உரம் போட்டாலும் சாயவில்லை, விளைச்சல் கூடியது. அது ஏன் குட்டையாக இருந்தது என்பதற்கு 2002-இல்தான் மரபணு அளவில் பதில் கிடைத்தது. ஜிப்ரல்லின் தயாரிக்கும் ஒரு படி அதில் பழுதாகியிருந்தது. ஜிப்ரல்லின் கூடினால் முட்டாள் நாற்று, கொஞ்சம் குறைந்தால் பசுமைப் புரட்சி. அளவு எப்படி விளையாடுகிறது பாருங்கள்.

கடையில் வாங்கும் விதையில்லாத பச்சைத் திராட்சையும் இதன் உபயம்தான். பொதுவாக விதைதான் பழத்தைப் பெருக்க வைக்கும் ஹார்மோனைத் தரும். விதை இல்லாத ரகத்தில் காய் சிறுத்துப்போகும் என்பதால், அனுமதிக்கப்பட்ட அளவில் ஜிப்ரல்லின் கொடுத்துப் பெருக்க வைக்கிறார்கள்.

சைட்டோகைனின்: இளநீருக்குள் இருக்கும் ரகசியம்

செல்களைப் பிரியச் சொல்வது, இலையைச் சீக்கிரம் முதுமையடையாமல் வைத்திருப்பது சைட்டோகைனினின் வேலை. 1941-லேயே ஆய்வகங்களில் இளம் கருக்களை வளர்க்கத் தேங்காய்த் தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். அதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. 1955-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்கூக், மில்லர் ஆகியோரின் குழு இந்த வகையில் முதல் பொருளைப் பிரித்தெடுத்தது. தேங்காய்த் தண்ணீரிலும் இதே வகை ஹார்மோன்கள் இருப்பது பின்னர் உறுதியானது. இளநீரும் மோரும் கலந்து புளிக்க வைத்துச் செடிக்குத் தெளிக்கும் நம்மூர் வழக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

1957-இல் இன்னொரு முக்கியமான விஷயத்தை அதே குழுவினர் சொன்னார்கள். ஆக்சின் கூடுதலாக இருந்தால் செடித் துணுக்கு வேர் விடும். சைட்டோகைனின் கூடுதலாக இருந்தால் தளிர் விடும். இந்த விகிதத்தை மாற்றி மாற்றித்தான் ஒரு சிறு துணுக்கிலிருந்து ஆயிரக்கணக்கான கன்றுகளை உருவாக்குகிறார்கள். தேனி பக்கம் நடும் திசு வளர்ப்பு ஜி-9 வாழைக் கன்று இப்படி வந்ததுதான்.

அப்சிசிக் அமிலம்: "பொறு" என்று சொல்லும் சேதி

மற்றவை வளரச் சொன்னால், இது நிறுத்தச் சொல்லும். மண்ணில் ஈரம் குறைந்ததும் செடிக்குள் அப்சிசிக் அமிலம் கூடும். இலையில் உள்ள சின்னத் துளைகள் சில நிமிடங்களில் மூடிக்கொள்ளும், தண்ணீர் ஆவியாவது குறையும். வறட்சியில் செடி உயிர் பிழைப்பது இதனால்தான். துளை மூடினால் உணவு தயாரிப்பதும் குறையும். அதனால் அடிக்கடி வாடவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், செடி சாகாது, ஆனால் வளரவும் வளராது.

விதையைத் தூங்க வைப்பதும் இதுதான். முளைக்கச் சொல்லும் ஜிப்ரல்லினுக்கும் பொறுக்கச் சொல்லும் அப்சிசிக் அமிலத்துக்கும் நடக்கும் இழுபறியில்தான் ஒரு விதை எப்போது முளைக்கும் என்பது முடிவாகிறது. டெல்டாவில் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்ட காட்சியைச் செய்திகளில் பார்த்து மனசு கனத்திருப்போம். உறக்கக் காலம் இல்லாத அல்லது குறைவாக உள்ள ரகங்களில் இந்த ஆபத்து அதிகம். கொத்து நிலக்கடலையிலும் இதே கதைதான். முற்றிய பிறகு மழை வந்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். ரகம் தேர்வு செய்யும்போது விளைச்சலை மட்டும் கேட்காமல், "விதை உறக்கம் எத்தனை நாள்?" என்றும் கேளுங்கள்.

பாட்டில் வாங்கும் முன்

"பூ கொட்டாது, காய் நான்கு மடங்கு" என்று ஆன்லைனில் விதவிதமான வளர்ச்சி ஊக்கிகள் விற்கிறார்கள். எல்லாம் மோசடி என்று சொல்ல முடியாது. பயறு வகைகளில் பூ உதிர்வதைக் குறைக்க, பூக்கும் முன்பும் 15 நாள் கழித்தும் என்.ஏ.ஏ. என்ற ஆக்சினை 40 பிபிஎம் அளவில் தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த 'பயறு ஒண்டர்', 'தென்னை டானிக்' போன்றவற்றையும் அந்தப் பல்கலைக்கழகமே உருவாக்கியுள்ளது. ஆனால் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்:

• உள்ளே இருக்கும் ஹார்மோனின் பெயரும் சதவீதமும் லேபிளில் இருக்க வேண்டும். "ரகசிய மூலிகை ஃபார்முலா" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

• என்.ஏ.ஏ., ஜிப்ரல்லிக் அமிலம், எத்திபான் போன்றவை பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968-இன் கீழ் வருகின்றன. பதிவு எண், தொகுதி எண், தயாரிப்பு நாள், காலாவதி நாள் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

• பிபிஎம் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் கலந்தால் 1 பிபிஎம். 4.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 45 மில்லிகிராம் இருக்கும். அதை 4.5 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 10 பிபிஎம். மூடியால் அளக்காதீர்கள். மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் கிடைக்கும், அதை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

• தண்ணீர், வெயில், சத்து இல்லாத செடிக்கு ஹார்மோன் பயன் தராது. சமையல் சாமான் இல்லாத வீட்டில் "சீக்கிரம் சமை" என்று உத்தரவு போட்டு என்ன பயன்?

சந்தேகம் இருந்தால் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கலாம். உழவன் செயலியில் உங்கள் பகுதி வேளாண்மை, தோட்டக்கலை அலுவலர் வருகை விவரத்தைப் பார்த்து நேரிலும் கேட்கலாம்.

பழத்தில் சந்தேகமா? பகிர்வதற்கு முன் புகார் செய்யுங்கள்

குழுவில் பகிர்ந்தால் பத்து பேர் பயப்படுவார்கள். துறைக்கு அனுப்பினால் ஓர் அலுவலர் வந்து பார்ப்பார். செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

1. கடையின் பெயர், இடம், வாங்கிய தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

2. பழத்தை வெட்டியும் வெட்டாமலும் படம் எடுங்கள். பெட்டிக்குள் காகிதப் பொட்டலத்தில் சாம்பல் நிறக் கல்லோ பொடியோ தெரிந்தால் அதையும் படம் எடுங்கள். கையால் தொடாதீர்கள்.

3. தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு விவரங்களையும் படங்களையும் அனுப்புங்கள். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம்.

4. உங்களுக்கு இன்னோர் உரிமையும் உண்டு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 40-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனை செய்துகொள்ளலாம். பரிசோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிமுறைப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல சிறு வியாபாரிகள் தெரிந்தே தப்பு செய்வதில்லை. மண்டியிலிருந்து வரும் பெட்டியில் ஏற்கெனவே கல் வைத்திருப்பார்கள். "எதை வைத்துப் பழுக்க வைத்தீர்கள்?" என்று வாங்கும் இடத்தில் நீங்கள் கேளுங்கள். வாடிக்கையாளர் உங்களிடம் கேட்கும்போது பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

அடுத்த முறை பெரியப்பா "ஹார்மோன் மாம்பழம்" என்று தகவல் அனுப்பினால் கோபப்படாதீர்கள். "பெரியப்பா, ஹார்மோன் எல்லா மாம்பழத்திலும் இருக்கிறது, கார்பைட் கல்தான் இருக்கக் கூடாது" என்று ஒரு வரி எழுதி, கூடவே அந்தப் புகார் எண்ணையும் போட்டுவிடுங்கள். அந்தத் தகவலை வேண்டுமானால் அதிகம் பகிரலாம்.